செல்வராணி சிஸ்டரின் சிறுநீரில் என் மருந்து

எனக்கு மார்பில் கட்டி வந்த கதையைக் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். பஸ், ரேஷன் கடை, வேலை பார்க்கும் கம்பெனி, எந்த இடத்தையும் விட்டதில்லை. "நீ சொல்றதக் கேட்டா ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்தவ மாதிரி இல்ல, மகளக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போய்ட்டு வந்தவ மாதிரி இருக்கு" என்று எங்கள் தெருவில் பால் ஊற்றுகிற அம்மா சொன்னாள். அது ரொம்பத் தப்பில்லை. ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிற விஷயம் மட்டும் ஒவ்வொரு தடவையும் பாதியில் நின்றுபோகிறது. மூத்திரம் என்ற சொல் வந்ததுமே கேட்கிறவர்கள் முகத்தைச் சுளித்துப் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். எழுதிவைத்தால் அப்படிக் குறுக்கே யாரும் பேச முடியாது. அதனால் எழுதுகிறேன்.

சிவகாசியில் ஒரு அச்சுக் கம்பெனியில் காலண்டர்களின் தலையில் தகரப் பட்டை அடிப்பது என் வேலை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்குமேல் படித்ததெல்லாம் கம்பெனிக் கழிவுத் தாளில்தான். தலை இல்லாத கதை, வால் இல்லாத கட்டுரை, நடுவில் நாலு பக்கம் மட்டும் கிடைத்த வைத்தியக் குறிப்பு என்று எது கையில் வந்தாலும் வாசித்துவிடுவேன். என் வீட்டுக்காரர் காளிராஜ் பட்டாசு ஆலையில் போர்மேன். அவர் கண்காணிக்கிற ரூம்களில் இதுவரை ஒரு பொறிகூட விழுந்ததில்லை. அந்தப் பெருமை அவருக்குச் சட்டைப் பித்தான் மாதிரி, எப்போதும் நெஞ்சிலேயே இருக்கும்.

குளிக்கும்போதுதான் கட்டி கையில் தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. வலி இல்லை. எங்கள் ஊரில் எந்த நோவு வந்தாலும் முதலில் சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: சீசன் முடியட்டும். தீபாவளி முடிந்தால் அவருக்குச் சீசன் முடியும், ஆனால் அப்போதுதான் எனக்குக் காலண்டர் சீசன் ஆரம்பிக்கும். பொங்கல் கழித்து டாக்டரிடம் போனபோது புளியங்கொட்டை நெல்லிக்காய் ஆகியிருந்தது.

படம் எடுத்தார்கள். பிறகு ஊசி போட்டுச் சதைத் துணுக்கு எடுத்தார்கள். பயாப்ஸி என்றால் அவ்வளவுதான். கட்டியிலிருந்து ஒரு நூல் அளவு கிள்ளிப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது. கிள்ளும்போது வலிக்கவில்லை. முடிவு வரும்வரை காத்திருந்ததுதான் வலித்தது. அந்த நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தேவைக்கு மேல் மரியாதையாகப் பேசிக்கொண்டோம். இட்லியில் உப்பு இல்லாததைக்கூட அவர் சொல்லவில்லை.

முடிவைக் கேட்கப் போனபோது டாக்டர் படத்தைக் காட்டி ஏதேதோ சொன்னார். எனக்கு உதடு அசைவது மட்டும் தெரிந்தது. என் வீட்டுக்காரர்தான், ஆலையில் தீப்பிடித்ததை விசாரிக்கிற மாதிரி கேட்டார்.

"பத்துன ரூமோட நின்னுருக்கா டாக்டர், பக்கத்து ரூமுக்கும் போயிருச்சா?"

டாக்டரும் இவர் பேச்சிலேயே பதில் சொன்னார். பத்தின ரூமைத் தாண்டி அக்குளில் ஒரு வாசல்வரை வந்திருக்கிறது, மற்ற ரூமுக்குப் போகவில்லை, அறுத்து எடுத்துவிட்டு மிச்சம் மீதி பொறி எங்கேயும் கிடக்காமல் மருந்து ஏற்ற வேண்டும் என்றார். அன்றைக்கு அந்த நோயை எனக்குப் புரியவைத்தது அந்தப் பேச்சுதான்.

ஆபரேஷன் முடிந்து புண் ஆறியதும், விருதுநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போய், ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் காலையில் திரும்ப வேண்டும். மருந்துச் செலவைக் காப்பீட்டு அட்டை பார்த்துக்கொண்டது. மற்ற செலவுக்கு என் வளையல்கள் பீரோவை விட்டுப் போயின. பஸ் மிளகாய் குடோன்கள் பக்கம் திரும்பும்போதெல்லாம் எனக்குக் குமட்டும். அதற்காகவே இவர் ஒரு எலுமிச்சம்பழத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார். அந்தத் திருப்பம் வந்ததும் என் மூக்குப் பக்கம் நீட்டுவார்.

முதல் நாள் வார்டில் செல்வராணி சிஸ்டரைப் பார்த்ததும் எனக்கு மனசு சுருங்கிவிட்டது. சாத்தூர்ப் பக்கத்துப் பெண், சிரித்த முகம். ஆனால் என் கட்டிலுக்கு வரும்போது கையில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு உறை, மேலே நீளமான அங்கி, முகத்தில் மூடி, கண்ணில் கண்ணாடி. என்னைத் தொட இவ்வளவு கவசமா என்று நினைத்தேன். அந்த நினைப்பை அவள் முகத்திலேயே வாசித்துவிட்டாள்.

"அக்கா, உங்க சீக்கு யாருக்கும் ஒட்டாது. இந்த மருந்துதான் ஒட்டும். அதுக்குத்தான் இம்புட்டு வேசம்."

பிறகு உட்கார்ந்து விளக்கினாள். வேகமாக வளர்கிற அணுக்களைத் தேடிப்போய்க் கொல்வது இந்த மருந்தின் வேலை. கட்டியும் வேகமாக வளரும், தலைமுடியும் வளரும், வாயின் உள்தோலும் வளரும். எது வேண்டியது எது வேண்டாதது என்று அதற்குத் தெரியாது. எனக்கு அது தேவை. தினமும் அதைக் கையாளுகிற அவளுக்குத் தேவை இல்லை. ஒரு துளி தோலில் பட்டாலும் உள்ளே போகும். ஒரு நாளில் ஒன்றும் செய்யாது, வருஷக்கணக்கில் சேர்ந்தால் என்ன செய்யும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கர்ப்பமாக இருக்கிறவர்கள் பக்கத்திலேயே வரக்கூடாது. ஏற்றிய மருந்து இரண்டு நாளைக்கு என் மூத்திரத்திலும் வாந்தியிலும் வேர்வையிலும் வெளியே வரும். கக்கூஸில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இவர் இதையெல்லாம் ஆலையில் புது ஆளுக்குப் பாடம் எடுப்பதைக் கேட்பதுபோலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "அந்தப் பிள்ளைக்கு வேல தெரியும்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சான்று வாங்க ஆலையில் ஆட்கள் வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள்.

ஏற்றிய மருந்துகளில் ஒன்று சிவப்பு நிறம். நரம்பைவிட்டு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும் என்பதால், ஏறி முடியும்வரை செல்வராணி பக்கத்திலேயே நிற்பாள். என் நரம்புகள் ஒளிந்து விளையாடுகிறவை. அவள் கையை நீவி, சூடான துணி வைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒரே குத்தில் பிடித்துவிடுவாள். அடுத்த கட்டிலில் இருந்த பேச்சியம்மாள் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவள். சிவப்பு மருந்து ஏறியபிறகு கக்கூஸுக்குப் போய்வந்து, "ஏத்தா, எனக்குக் கலர் மத்தாப்பா போவுது" என்றாள். வார்டே சிரித்தது. வாந்திக்கு நடுவில் சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ராத்திரிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குமட்டலும் பயமும் மாறி மாறி வரும். இவர் தரையில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு, என் கட்டில் காலைப் பிடித்தபடியே தூங்குவார். நான் புரண்டால் கட்டில் அசையும், அவர் எழுந்துகொள்வார்.

காலையில் அவர் செய்கிற முதல் வேலைதான் இந்தக் கதையின் முடிச்சு. பட்டாசு ஆலையில் வேலை முடிந்து யாரும் அப்படியே வீட்டுக்குப் போவதில்லை. கைகால் கழுவி, துண்டையும் தலைத்துணியையும் வெளியில் போய் நன்றாக உதறித்தான் கிளம்ப வேண்டும். பட்டாசு மருந்துத் தூள் வீட்டுக்குப் போகக்கூடாது, பிள்ளைகள் மேல் படக்கூடாது. உதறாமல் போகிறவனை இவர் கேட்டிலேயே நிறுத்திவிடுவார். அந்தப் பழக்கத்தில், நான் படுத்திருந்த விரிப்பு, வேர்வை துடைத்த துண்டு எல்லாவற்றையும் வார்டு ஜன்னலுக்கு எடுத்துப்போய் படார் படாரென்று உதறி, மடித்து, கூடையில் போடுவார். கண்ணுக்குத் தெரியாத மருந்து ஏதாவது ஒட்டியிருந்தாலும் ஜன்னலுக்கு வெளியே போய்விடும் என்று கணக்கு. வார்டில் பாதிப்பேர் பட்டாசு, தீப்பெட்டி வேலைக்காரர்கள்தானே. இவரைப் பார்த்து மற்றவர்களும் உதற ஆரம்பித்தார்கள். காலையில் அந்த ஜன்னலில் சின்ன வரிசையே நிற்கும். சிஸ்டர்களுக்கு வேலை மிச்சம் என்று எல்லோருக்கும் திருப்தி.

இரண்டாம் தடவை நான் போனபோது டாக்டர் அமுதா வந்திருந்தார். வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. மருந்தைக் கையாளுகிறவர்கள் உடம்பில் அது சேருகிறதா என்று ஆராய்கிறவர். சின்ன உருவம், பெரிய ஐஸ் பெட்டி. மருந்து கலக்குகிற பார்மசிஸ்ட், காலை ஷிப்ட் செல்வராணி, மதிய ஷிப்ட் சிஸ்டர் என்று எல்லோரிடமும் ஒரு முழுநாள் சிறுநீரைக் கேனில் பிடித்து வாங்கினார். "நம்மகிட்ட வாங்குறது பத்தாதுன்னு சிஸ்டர்மார்கிட்டயும் வாங்க ஆரம்பிச்சுட்டாக" என்றாள் பேச்சியம்மாள். கலக்குகிற அறை, மருந்து தொங்கும் கம்பி, சிஸ்டர் மேஜை எல்லாவற்றையும் ஈரத் துணுக்கால் துடைத்து, தனித்தனிக் குப்பியில் போட்டுக்கொண்டார்.

அந்தச் சோதனை எதற்கு என்று நான் கேட்டேன். டாக்டர் அமுதா ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். உடம்புக்குள் போன மருந்து சிறுநீர் வழியாகத்தான் வெளியே வரும். நோயாளிக்கு ஏற்றுகிற மருந்து நர்ஸின் சிறுநீரில் இருந்தால், அது எந்த வழியிலோ நர்ஸுக்குள் போயிருக்கிறது என்று அர்த்தம். ஒரு உப்புக்கல்லைக் குளத்தில் போட்டாலும் கண்டுபிடிக்கிற மாதிரி மெஷின் இருக்கிறதாம். இவ்வளவு வரை இருந்தால் பயமில்லை என்று ஒரு அளவு இருக்கிறதா என்று கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியலைங்க. இல்லாம இருக்கணும், அதான் அளவு" என்றார்.

செல்வராணிக்கு அந்தச் சோதனை வெறும் சோதனை இல்லை. கல்யாணமாகி வருஷங்கள் ஓடியிருந்தன. போன வருஷம் உண்டாகி, மூன்றாம் மாதத்தில் கலைந்துபோனது. மருந்துதான் காரணமா என்று அவள் கேட்டபோது, அப்படியும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்று டாக்டர் அமுதா உண்மையைச் சொல்லிவிட்டாராம். இருக்கன்குடி அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, இன்னொரு தடவை மனசைத் தயார்படுத்திக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் என் நரம்பைத் தேடிக்கொண்டேதான் சொன்னாள். ஊசி குத்தியதே எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் தடவை போனபோது அவள் சிரிக்கவில்லை. நான் விடாமல் கேட்டதில் சொன்னாள்.

"எனக்கு இருக்குதாம்க்கா. கொஞ்சூண்டுதான். ஆனா இருக்கு."

தினமும் மருந்தோடு மல்லுக்கட்டுகிற பார்மசிஸ்டுக்கு இல்லை. கலக்குகிற அறை சுத்தம், கம்பி சுத்தம். மதிய ஷிப்ட் சிஸ்டருக்கு இல்லை. செல்வராணிக்கும் அவள் மேஜைக்கும்தான் இருந்தது. அவள் உறை போடாமல் வேலை பார்த்திருப்பாள் என்று இரண்டொருவர் பேசினார்கள். வேறு வார்டுக்கு மாற்றிவிடலாம் என்றும் பேச்சு வந்தது. மாறிப்போனால் அவள் தப்பித்துவிடுவாள்தான். ஆனால் அவள் இடத்தில் வருகிற பிள்ளைக்கும் அதேதானே என்று அவளே சொன்னாள். எந்த வழியில் வருகிறது என்று தெரியாமல் நகரமாட்டேன் என்று உறுதியாக இருந்தாள். எனக்கு அவள்மேல் அதுவரை இருந்தது பிரியம். அன்றிலிருந்து மதிப்பு.

மறுநாள் விடிந்ததும் டாக்டர் அமுதா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு வார்டு மூலையில் உட்கார்ந்துவிட்டார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. செல்வராணி மருந்து தொங்கவிடுவதை, உறையைக் கழற்றுவதை, கை கழுவுவதை, மேஜைக்கு வந்து வெறும் கையால் பேனா எடுத்து எழுதுவதை, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். எதிலும் குற்றம் சொல்ல இடமில்லை.

என் வீட்டுக்காரர் எழுந்தார். என் விரிப்பைச் சுருட்டி ஜன்னலுக்குப் போனார். கிழக்குப் பார்த்த ஜன்னல். அப்போதுதான் வெயில் உள்ளே சாய்ந்திருந்தது. படாரென்று உதறினார். பஞ்சும் தூசியும் வெயிலில் மினுமினுவென்று கிளம்பி, வெளியே போகாமல், காற்றோடு உள்ளே திரும்பி வந்தது. வந்து நிதானமாக இறங்கியது. ஜன்னலுக்குக் கீழேதான் செல்வராணியின் மேஜை.

டாக்டர் அமுதா எழுந்து வந்தார். அதட்டவில்லை. "ஐயா, இத எதுக்குச் செய்றீங்க?" என்று மட்டும் கேட்டார்.

இவருக்கு அது பிடித்த கேள்வி. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

"எங்க ஆலையில இது சட்டம்மா. துணியில மருந்து படிஞ்சிருக்கும்லா. கண்ணுக்குத் தெரியாது. அத வீட்டுக்குக் கொண்டுபோகப்படாது. அதனால வெளிய நின்னு, ஆள் இல்லாத பக்கமாப் பாத்து, காத்து நம்ம முதுகுல படுத மாதிரி நின்னு, நல்லா உதறி..."

அங்கே நின்றுவிட்டது பேச்சு. ஜன்னலைப் பார்த்தார். காற்று அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. மேஜையைப் பார்த்தார். கையில் இருந்த விரிப்பைப் பார்த்தார். அதைக் கீழே வைப்பதா, பிடித்துக்கொண்டே நிற்பதா என்று தெரியாமல் அவர் நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. இத்தனை வருஷம் ஒரு பொறி விழாமல் காத்தவர்.

டாக்டர் அமுதாதான் மெதுவாக விளக்கினார். என் வேர்வையில், வாந்தித் துளியில் வந்த மருந்து துணியில் காய்ந்து உட்காரும். உதறும்போது பஞ்சோடு சேர்ந்து பறக்கும். மேஜையில், பேனாவில், தண்ணீர் பாட்டில் மூடியில் படியும். உறை கழற்றிய கை அதைத் தொடும். காலையில்தான் எல்லோரும் உதறுகிறார்கள், அதனால் காலை ஷிப்டுக்குத்தான் வந்திருக்க வேண்டும். மறுபடி சோதித்தால்தான் உறுதி. மதிய சிஸ்டர் வருவதற்குள் மேஜையைத் துடைத்துவிடுகிறார்கள்.

இவர் செல்வராணி பக்கம் திரும்பினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "தாயி, நாந்தான் எல்லாருக்கும் பழக்கிவிட்டேன்" என்றார்.

செல்வராணி உறையை மாட்டிக்கொண்டு, அவர் கையிலிருந்த விரிப்பை வாங்கினாள். அழுக்குப் பக்கம் உள்ளே போகும்படி, பாய் சுருட்டுகிற மாதிரி மெதுவாகச் சுருட்டிப் பையில் இறக்கினாள்.

"அண்ணாச்சி, கக்கூஸுக்கு எத்தன தடவ தண்ணி ஊத்தணும்னு சொன்னோம். துணிய என்ன செய்யணும்னு நாங்க யாரும் சொல்லலையே. நீங்க எங்களக் காப்பாத்தணும்னுதான செஞ்சீக. இப்ப இப்படிச் செய்யணும்னு நீங்களே எல்லாருக்கும் சொல்லிக் குடுங்க. நான் சொன்னா தலையாட்டுவாக. நீங்க சொன்னா செய்வாக."

இது எவ்வளவு பெரிய நஷ்டமாக முடிந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை கடுப்பாகச் சொல்லியிருந்தாலும் யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த மனிதரைத் தலை குனிய வைக்காமல், கையில் ஒரு வேலையைக் கொடுத்து நிமிர்த்திவிட்டாள். இவரும் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார். உறை மாட்டிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய், உதறாதே, சுருட்டு, உள்பக்கமாகச் சுருட்டு என்று ஒவ்வொருவருக்கும் செய்து காட்டினார். "உம் புருசன் ஆலையில இருந்து ரிட்டையர் ஆகாமலே இங்கனயும் போர்மேன் ஆயிட்டாரு" என்றாள் பேச்சியம்மாள். மேஜையை ஜன்னலை விட்டு நகர்த்தினார்கள். அழுக்குத் துணிக்கு மூடி போட்ட தொட்டி வந்தது.

நாலாம் தடவை நான் போனபோது மறுபடி கேன்கள் வந்தன. முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். அந்தக் காத்திருப்பு எனக்குப் புதிதில்லை, ஆனால் அடுத்தவருக்காக அப்படிக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. அதற்குள் எனக்கு வேறு வகை மருந்து ஆரம்பித்திருந்தது. கைகால் மரத்துப்போகிற மருந்து. அச்சுக் கம்பெனிப் பெண்கள் என் மொட்டைத் தலைக்கு வெள்ளைத் துணியில் தொப்பி தைத்து, ஓரத்தில் போன வருஷக் காலண்டர்ப் பூவைப் பார்த்துப் பூ போட்டுக் கொடுத்திருந்தார்கள். முடிவு வந்த அன்றைக்கு அதைப் போட்டுக்கொண்டு வார்டுக்குள் நுழைகிறேன், செல்வராணி தூரத்திலிருந்தே இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். ஒன்றும் இல்லை என்று. மேஜையிலும் இல்லை, அவளிடமும் இல்லை. இவர் அப்படியே அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். எலுமிச்சம்பழம் பையிலிருந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது.

அதெல்லாம் ஆகிக் கொஞ்சகாலம் ஆகிவிட்டது. எனக்கு முடி வளர்ந்திருக்கிறது, முன்னைவிடச் சுருட்டையாக. போன மாதம் பரிசோதனைக்குப் போனபோது செல்வராணி அந்த வார்டில் இல்லை. மாடியில் வெளிநோயாளிகளுக்கு எடையும் பிரஷரும் பார்க்கிற இடத்தில் இருந்தாள். கர்ப்பிணிகளை மருந்து இருக்கிற பக்கமே விடக்கூடாது அல்லவா. ஆறாம் மாதம். கையில் உறை இல்லை. என் கையை எடுத்து இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை எவ்வளவு சூடு என்று எனக்கு அதுவரை தெரியாது.

வெயிலில் வந்ததில் இவருக்கு வேர்த்துக் கொட்டியது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்ததும் கை தானாக உதறப் போனது. சட்டென்று நிறுத்தி, உள்பக்கமாகச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். செல்வராணி சிரித்துவிட்டாள்.

"உதறுங்க அண்ணாச்சி. அக்கா மேலயும் இப்ப மருந்து கிடையாது, இங்கனயும் கிடையாது."

இவர் அவள் வயிற்றைப் பார்த்தார். துண்டோடு வெளியே நடந்தார். நாங்கள் ஜன்னலுக்குப் போய் எட்டிப்பார்த்தோம். படியிறங்கி, சைக்கிள் நிறுத்துகிற இடத்தைத் தாண்டி, மதில் ஓரத்து வேப்பமரம்வரை போனார். பக்கத்தில் ஆள் யாரும் இல்லையே என்று இரண்டு பக்கமும் பார்த்தார். காற்று எந்தப் பக்கம் என்று கையைத் தூக்கிப் பார்த்து, முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார். பிறகு துண்டை விரித்து, ஆசைதீர உதறினார்.